தாய்மாமன் சொம்பில் போதையில்லாத பீர்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடத்தான். பெரிய ற வரவேண்டிய இடத்தில் சின்ன ர வந்திருக்கும், ஒற்று விட்டுப்போயிருக்கும். தாளில் அங்கங்கே மாவும் ஒட்டியிருக்கும். பிழையைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் என்னைப் பார்த்தால் தலை தானாகக் குனிந்துவிடும், பேச்சு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் ஜவ்வாது மலைக்காரன். தேன்பாறை என்று சொன்னால் மலையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது, அவ்வளவு சின்ன ஊர். இப்போது சவுதி அரேபியாவில் தம்மாம் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடையின் அடுப்பு முன்னால் நிற்கிறேன். இந்த நாட்டில் சாராயம் வைத்திருந்தால் ஜெயில். வந்த புதிதில் எல்லோரும் முதலில் சொன்னது அதைத்தான். ஆனால் எங்கள் தெருமுனையில் இருக்கும் பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில் பீர் வரிசையாக நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வாங்கிக் குடித்துக்கொண்டே போகிறார்கள். பர்தா போட்ட அம்மா கூடவே நடக்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் வாங்க வந்த சோப்பை வாங்காமலே திரும்பிவிட்டேன். யாராவது என்னைச் சோதிக்கிறார்களோ என்று பயம்.

மறுநாள் துணிந்து போனேன். கடைக்காரர் சாலிம், ஏமன் நாட்டுக்காரர். எனக்கு அரபி வராது, அவருக்கு அரபியைத் தவிர வேறெதுவும் வராது. குளிர்பெட்டியில் இருந்த பாட்டிலைக் காட்டினேன். பிறகு இது போதை தருமா என்று கேட்பதற்காக என் தலையைத் தொட்டுக் காட்டி, கண்ணைச் செருகி, இரண்டு அடி தள்ளாடி நடந்து காட்டினேன். சாலிம் பதறிப்போய் கல்லாவை விட்டு ஓடிவந்தார். என்னைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலக்கிக் கொண்டுவந்து வாயில் வைத்தார். அட்டையால் விசிறினார். வெயிலில் மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் பாவம். இல்லை என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கும்பிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் வெயிலைக் காட்டி, தலையில் துணி போட்டுக்கொள் என்று ஜாடையில் சொல்லுவார். எங்கள் கடைக்கு மாவு கொண்டுவரும் மலையாளி டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார். அது பார்லியில் செய்வது, போதை இல்லாதது, குழந்தையும் குடிக்கலாம் என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் குடியை விட்டது சவுதிக்கு வந்த பிறகு அல்ல. ஊரிலேயே விட்டேன். ஏன் விட்டேன் என்பதை எழுதப் போவதில்லை, என் மனைவி மல்லிகாவுக்குத் தெரியும், அது போதும். ஆனால் விட்ட கொஞ்ச நாளிலேயே விசா வந்துவிட்டது. விமானம் ஏறிவிட்டேன். அதனால் ஊரில் ஒருவரும் என் பேச்சை நம்பவில்லை. நான் விட்ட குடிக்கு சவுதி பேர் வாங்கிக்கொண்டது. என் அக்கா புருஷன் கோவிந்தன் மாமா போன் பேசும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே இதையேதான் சொல்லுவார்.

"அங்க கெடைக்கல, அதனால குடிக்கல. இதுல உனக்கு இன்னா பெருமை மச்சான்? கெடைக்கிற எடத்துல வந்து நில்லு, அப்ப ஒத்துக்கிறேன்."

இந்தப் பேச்சு எனக்கு அடுப்புச் சூட்டைவிட அதிகமாகச் சுட்டது. போனை மல்லிகாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

போதை எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் பத்து மணி நேரம் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வெளியே வந்தால் தொண்டைக்குள் ஒரு கசப்பு கேட்கும். தண்ணீருக்கு அது அடங்காது. டீக்கும் அடங்காது. அதிலும் இந்த வேலையில் நாள் முழுக்க மாவு புளிக்கும் வாசனை. கேழ்வரகு ஊறல் போட்ட பானையைத் திறந்தால் வருமே, அதே வாசனை. குடியை விட்டவனை எந்த வேலையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள் என்று எனக்கே சிரிப்பு வரும். அதனால் வெள்ளிக்கிழமை விடுமுறைதோறும் சாலிம் கடையில் ஒன்று வாங்கிக் குடித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, முதலில் வாங்கியதெல்லாம் மோசம். ஆப்பிள் போட்டது இருமல் மருந்து மாதிரி. மாதுளை போட்டது சாயத் தண்ணீர். எலுமிச்சை போட்டது பாத்திரம் கழுவுகிற சோப்பு வாசனை. இந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாமே இனிக்க வேண்டும். பீர் என்று எழுதி உள்ளே பாயசத்தை ஊற்றி வைத்திருக்கிறார்கள். நான் கசப்பானது வேண்டும் என்று முகத்தைச் சுளித்துக் காட்டினால், சாலிம் இது பிடிக்கவில்லை போல என்று இன்னும் இனிப்பானதை எடுத்துக் கொடுப்பார். நானும் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அறையில் கூட இருக்கும் ஆட்கள் அதை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை என்ன வாங்கப் போகிறாய் என்று ஆசையாகக் கேட்பார்கள்.

கடைசியில் ஒரு நாள் குளிர்பெட்டியின் அடித்தட்டில், பின்னால் மறைந்து, ஒரு சாதாரணத் தகர டப்பா கிடைத்தது. பழப் படம் எதுவும் போடவில்லை. அறைக்குக் கொண்டுவந்து திறந்தேன். வறுத்த தானிய வாசனை வந்தது. முதல் வாயில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கின பிறகு நாக்கின் அடியில் கசப்பு மெதுவாக ஏறி நின்றது. அந்தக் கசப்புக்குத்தான் அத்தனை வெள்ளிக்கிழமை தேடினேன். கண்ணாடி டம்ளரில் ஊற்றி நுரை அடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. குடித்த காலத்தில் எனக்கு பீரின் ருசியே தெரியாது. மலையடிவாரத்தில் அரசாங்கக் கடையில் வாங்கி, லுங்கியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலையேறினால், ஊர் வந்து சேரும்போது அது குளிக்கிற வெந்நீர் மாதிரி ஆகியிருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொள்வோம். வேகமாக இறங்க வேண்டும், அதற்குத்தானே வாங்கினோம். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்து, அடுத்த வாய்க்கு நடுவில் நாக்கில் என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. நல்ல பீர் எப்படி இருக்கும் என்று குடியை விட்டபிறகுதான், அதுவும் குடிக்கக் கூடாத நாட்டில் வந்துதான் தெரிந்துகொண்டேன். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா காசியம்மாவுக்கும் கோவிந்தன் மாமாவுக்கும் மகளான சத்யாவுக்குக் கல்யாணம் கூடியது. சத்யா திருப்பத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் பார்த்துப் பழகி அவளாகப் பிடித்துக்கொண்ட பையன், காவலூர்ப் பக்கம், டிராக்டர் ஓட்டுகிறான். இரண்டு வீட்டிலும் ஒரு வருஷம் இழுத்து, ஒருவழியாக வைகாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. சத்யாவுக்கு ஒரே தாய்மாமன். நான் வந்தே ஆக வேண்டும்.

ஏன் என்று மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து நாலைந்து ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. கல்யாணத்தன்று காலையில் தாலி கட்டுவதற்கு முன்னால், பெண்ணின் தாய்மாமனும் மாப்பிள்ளையின் தாய்மாமனும் ஒரே பாயில் எதிரெதிராக உட்கார வேண்டும். பெண்ணின் மாமன் தன் வீட்டிலிருந்து தன் வீட்டுச் சொம்பில் குடி கொண்டுவர வேண்டும். மாப்பிள்ளையின் மாமன், "எந்த ஊர் குடி?" என்று கேட்பார். இவன் தன் ஊர்ப் பெயரைச் சொல்லி, முதல் வாய் தான் குடித்து, சொம்பை அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு வாய் குடித்து அடுத்தவரிடம் கொடுப்பார். அப்படியே ஆண்கள் எல்லோரிடமும் சுற்றி வரும். என் வீட்டில் நான் குடிப்பதைத்தான் உனக்கும் தருகிறேன், பெண்ணையும் அப்படியே தருகிறேன் என்று அர்த்தம். முன்பு கேழ்வரகிலும் சாமையிலும் வீட்டிலேயே போட்டார்கள். பிறகு சாராயம் வந்தது. இப்போது பையன்கள் எல்லோரும் பீர்தான் வேண்டும் என்கிறார்கள், அதனால் சொம்பில் பீர். மாமன் வாய் வைக்கவில்லை என்றால் அவனுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று பொருள். பக்கத்து ஊரில் ஒருவர் ஏதோ கோபத்தில் சொம்பைத் தள்ளி வைத்தார் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து வேனில் ஏறிப் போனதை எங்கள் ஊரே பார்த்திருக்கிறது.

அக்கா போனில் அழுதாள். "உன் வாயில படலன்னா அவங்க எழுந்து போய்டுவாங்கடா. ஏற்கனவே அரமனசா வர்றாங்க. ஒரு வாய் தானேடா. யாருக்கும் தெரியாம துப்பிடு."

துப்பலாம். ஆனால் கோவிந்தன் மாமா அங்கே நிற்பார். கிடைக்கிற இடத்தில் வந்து நில் என்று சொன்னவர். அவர் பார்க்காவிட்டாலும் மல்லிகா பார்ப்பாள். நான் வாயைத் திறந்து பேசி ஒன்றைச் சாதித்ததில்லை. சம்பாதித்துக் கட்டியது ஒரு சின்ன ஓட்டு வீடு. நான் செய்த பெரிய காரியம் என்று ஒன்று உண்டென்றால் குடியை விட்டதுதான். அதை ஒரு வாய்க்குக் கொடுத்துவிட்டு வர எனக்கு மனமில்லை. சத்யாவின் கல்யாணமும் கெடக் கூடாது. அடுப்பில் ரொட்டி தீய்ந்துகொண்டிருக்க நான் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதலாளி சத்தம் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். என் வீட்டில் நான் குடிப்பதைத்தானே கொண்டுவரச் சொல்கிறார்கள். நான் குடிப்பதையே கொண்டுபோகிறேன்.

பெட்டியில் எல்லோரும் பேரீச்சம்பழமும் போர்வையும் கொண்டுபோவார்கள். நான் தகர டப்பாக்களை லுங்கியிலும் துண்டிலும் சுற்றி, எடை அனுமதித்த அளவுக்கு அடுக்கினேன். சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சவுதியிலேர்ந்து பீர் கொண்டாந்த மொத ஆளு நீதான்யா" என்று சொல்லி, பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். போ, போ என்று சிரித்தபடி விட்டுவிட்டார்.

மலையேறும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சந்தவாசல் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் காற்று மாறும். ஏசி அறையில் இருந்து வந்தவனுக்கு அந்தக் காற்று முகத்தில் படும்போதுதான் குளிர்ச்சி என்றால் என்ன என்று தெரியும். புளி உலுக்கி முடிந்த மரங்கள் சும்மா நின்றன. தம்மாமில் மரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் காலடியில் குழாய் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார்கள். எங்கள் புளியமரத்துக்கு யாரும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. நான் இல்லாத காலத்திலும் அது பாட்டுக்குக் காய்த்திருக்கிறது.

வீட்டில் ஒரு டப்பாவைத் திறந்து மல்லிகாவுக்குக் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். போதை இல்லை என்று சொன்னேன். குடித்துவிட்டுச் சப்புக்கொட்டினாள். "கேவுரு வறுத்த தண்ணி மாதிரி இருக்குது. இதுக்கா அவ்ளோ தூரம் போனீங்க?" என்றாள். அவளும் ஊரில் நாலைந்து பெண்களுமாகச் சேர்ந்து, கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுத்து அரைத்துச் சத்துமாவாகச் சந்தையில் விற்கிறார்கள். அவள் சொன்னதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எத்தனை வெள்ளிக்கிழமை தேடிக் கண்டுபிடித்தது அது.

டப்பா போதாது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. சொம்பில் தீரத் தீர ஊற்றுவதற்கு அண்டா நிறைய வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் திருப்பத்தூர் போய்ப் பெரிய கடைகளாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் போதையில்லாத பீர் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். அந்தப் பெண் இன்னும் சத்தமாகக் கேளுங்கள் என்றாள். சத்தமாகக் கேட்டேன். பில் போட நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் ஒருவர், "போதை இல்லன்னா அது எதுக்குங்க பீரு?" என்று கேட்டார். கிடைத்தது பீச் பழம் போட்ட இரண்டு பாட்டில், அதுவும் தூசி பிடித்தது. அதை வாங்கவில்லை. இருப்பதை வைத்து ஆளுக்கு நாக்கு நனைகிற அளவு என்று சமாளித்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். குளிர வைக்க வீட்டில் பிரிட்ஜ் இல்லை. டப்பாக்களைக் கோணியில் கட்டி, ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் இறக்கி வைத்தேன். எங்கள் கிணறு வைகாசியிலும் சில்லென்றிருக்கும்.

கல்யாணக் காலையில் நான் குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டு வேன்கள் வந்து நின்றிருந்தன. சொன்னதைவிட ஒரு வேன் அதிகம். ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அக்கா வீட்டுப் பின்னால் போனேன். மல்லிகா அண்டாவை மூடி வைத்துவிட்டு, எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பில் ஊற்றி இலை போட்டு வைத்திருந்தாள். இலையை விலக்கிப் பார்த்தேன். பொன் நிறத்தில் இருக்க வேண்டியது, வெல்லம் கரைத்தது போலக் கருத்திருந்தது.

"இன்னா மல்லிகா இது?"

"டப்பா பத்தலிங்க. இவ்ளோ பேர் வந்தா இன்னா பண்றது? ராத்திரியே கேவுரு வறுத்தத காச்சி வடிகட்டி, ரெண்டு கை வேப்பம்பூ போட்டு கொதிக்க வெச்சு, கெணத்துல எறக்கி ஆறவெச்சு, காலைல கலந்துட்டேன்."

"பீர்ல யாராவது கேவுரு தண்ணிய ஊத்துவாங்களா?"

"பந்தியில ஆளு ஜாஸ்தியானா கொழம்புல ஊத்துறது இல்லையா? போங்க, கூப்புட்றாங்க."

வேப்பம்பூ சித்திரையில் சந்தவாசலில் இருந்து வாங்கிவந்து காயவைத்தது. விருந்தாளி கூடினால் அண்டாவில் இருப்பதை நீட்டுவது எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கைப்பழக்கம். அவள் பீரையும் குழம்பாகவே நினைத்துவிட்டாள். திட்டுவதற்கு நேரமில்லை. சொம்பை எடுத்தபிறகு பாயில் உட்காரும் முன்னால் மாமன் வாய் வைக்கக் கூடாது, அதனால் ருசி பார்க்கவும் முடியாது. சத்யா பெண் அலங்காரத்தோடு கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள்.

பாயில் மாப்பிள்ளையின் மாமன் அண்ணாமலை உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, சாமை விவசாயம் செய்கிறவர். சுற்றிலும் ஆண்கள். கோவிந்தன் மாமா எனக்கு நேர் எதிரே, பந்தல் காலில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் உட்கார்ந்து சொம்பை நடுவில் வைத்தேன். அண்ணாமலை கேட்டார்.

"எந்த ஊர் குடி?"

தேன்பாறை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதைத்தான் சொல்லப் போனேன். ஆனால் சொம்பில் இருப்பது பாதிதானே தேன்பாறை? அந்த இடத்தில் பொய் சொல்லக் கூடாது என்றுதான் வழக்கமே இருக்கிறது. தலையை நிமிர்த்திச் சொன்னேன்.

"பாதி தம்மாம், பாதி தேன்பாறை. இதுல போதை இல்ல. நான் இப்ப குடிக்கிறது இதான். என் வூட்ல வேற குடி கெடையாது."

மேளக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். மகள் கல்யாணம் என்றுகூடப் பார்க்காமல் கோவிந்தன் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "மச்சான் கஷாயம் காச்சியாந்துக்கிறான். மாப்பிள்ளைக்கு சளி புடிச்சிருக்குதா கேளுங்கப்பா." நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சொம்பைத் தூக்கி ஒரு வாய் குடித்தேன்.

உங்களுக்கு அதை எப்படிச் சொல்வது? கிணற்றுக் குளிர்ச்சி முதலில் வந்தது. பிறகு டப்பாவின் நுரை. அதன் அடியில் வறுத்த கேழ்வரகு கனமாக, கொஞ்சம் புகை வாசனையோடு நாக்கில் படுத்தது. கடைசியில் வேப்பம்பூ. டப்பாவில் மெதுவாக ஏறும் கசப்பை இது கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டது. தம்மாமில் நான் தேடிப் பிடித்தது நல்ல பீர்தான். ஆனால் இதற்கு முன்னால் அது தண்ணீர். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கல்யாணத்தையும் மறந்து, இது என்ன ருசி என்றுதான் நினைத்தேன். சொம்பை நீட்டினேன்.

அண்ணாமலை வாங்கி மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். மீசையைத் துடைத்தார். பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டினார். அண்ணாமலை சொம்பைக் கொடுக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். வழக்கத்தில் ஒரு வாய்க்கு மேல் கிடையாது. பின்னால் இருந்து ஒரு பையன், "பெரியப்பா, சொம்ப உடு, மத்தவங்களுக்கும் வேணும்" என்றான்.

"போதை இல்லன்னு அவரு சொன்னாரு இல்ல? அப்ப ஒரு வாய்க்கு மேல குடிச்சா இன்னா தப்பு?" என்றார் அண்ணாமலை. மூன்றாவது வாயும் குடித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. இந்தச் சிரிப்பு வேறு. சொம்பு சுற்றத் தொடங்கியது. மல்லிகா பின்னால் இருந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வழக்கத்தில் பெண்கள் குடிப்பதில்லை. போதைதான் இல்லையே என்று அன்றைக்குச் சமையல்கட்டில் இருந்த பெண்களும் ஒரு டம்ளர் வைத்துக்கொண்டார்கள். அண்டா தாலி கட்டுவதற்குள் காலி. சத்யாவின் கழுத்தில் தாலி ஏறும்போது நான் அரிசி போட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் பொய். சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார்கள், அங்கே பெட்டி பெட்டியாக உண்மையான பீர் இருந்தது. கோவிந்தன் மாமா மூடி திறந்த ஒரு பாட்டிலை என் கையில் வைத்தார். "இப்ப கெடைக்கிற எடத்துலதான் நிக்கிற. இந்தா" என்றார். அவர் முகத்தில் கிண்டல் இருந்தது, கொஞ்சம் ஆசையும் இருந்தது. ஒருவேளை குடியிடம் தான் தோற்றதற்குத் துணை தேடுகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பாட்டில் வெயிலில் இருந்து வந்தது. கையில் சுட்டது. மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"சூடா இருக்குது மாமா. எனக்கு சில்லுனு வேணும்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டார். "சவுதிக்குப் போய் நாக்கு வளத்துக்கினு வந்துட்டான்டா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு இன்றுவரை, அங்கே கிடைக்கவில்லை அதனால் குடிக்கவில்லை என்று அவர் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. எனக்கு அது போதும். அன்று மாலை நான் ஊருக்குள் நடந்தபோது, கீழே பார்க்காமல் நடந்தேன் என்று மல்லிகா சொன்னாள். எனக்கு அது தெரியவில்லை.

தம்மாமுக்குத் திரும்பும்போது மல்லிகா வறுத்த கேழ்வரகும் வேப்பம்பூவும் கட்டிக் கொடுத்தாள். ரொட்டிக் கடையில் வேலை முடிந்ததும் அடுப்பின் மிச்சச் சூட்டில் காய்ச்சி, வடிகட்டி, டப்பா பீரில் கலந்து குடித்தேன். அறையில் இருந்தவர்களுக்கும் கொடுத்தேன். இனிப்புக்கு ஆசைப்பட்டவர்கள்கூட இன்னொரு டம்ளர் கேட்டார்கள். அதனால் கட்டிக் கொடுத்தது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. இங்கே கேழ்வரகு என்று விற்பதை வாங்கி வறுத்துப் பார்த்தேன். மாவு வாசனைதான் வந்தது. வேப்பம்பூ கிடைக்கவே இல்லை. சாலையோரம் வேப்பமரம் நிற்கிறது, பறித்தால் என்ன கேட்பார்களோ என்று பயந்து பறிக்கவில்லை.

அங்கே மலையிலோ கதை வேறு. அண்ணாமலை சொல்லி, காவலூர்ப் பக்கத்தில் இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கு மல்லிகாவிடமே காய்ச்சித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு வீட்டுப் பெண்களின் மாமன்களும் குடியை விட்டவர்களாம். நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன், எத்தனை பேர் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். மல்லிகா செய்து கொடுத்தாள், எல்லோரும் குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். அவளுக்கு மட்டும் திருப்தி இல்லை. டப்பா இல்லாமல் சோடா ஊற்றினால் கசப்பு தனியாக நிற்கிறது, கேழ்வரகோடு சேர மாட்டேன் என்கிறது என்று சொல்கிறாள்.

அவளிடம் கேழ்வரகு இருக்கிறது, டப்பா இல்லை. என்னிடம் டப்பா இருக்கிறது, கேழ்வரகு இல்லை. வெள்ளிக்கிழமை மாலையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் அங்கே ஒரு டம்ளரும் நான் இங்கே ஒரு டம்ளருமாக, முகத்தைப் பார்த்துக்கொண்டு குடிக்கிறோம். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள். நன்றாகத்தான் இருக்கிறது, பாதி இருக்கிறது என்பேன். இங்கேயும் பாதிதான் என்பாள்.

இதை எழுத வேண்டும் என்று கல்யாணம் முடிந்த நாளில் இருந்து நினைத்து, இன்றைக்குத்தான் எழுதி முடித்தேன்.

தம்மாம், ஆவணி இருபது, வெள்ளிக்கிழமை.